மலைநாட்டு ரேடியோவுக்கு எந்த அன்டெனா? பெரிய கெயின் எப்போதும் நல்லதல்ல

வாக்கி டாக்கி போல இரண்டு பக்கமும் பேசும் ரேடியோவுக்கு அன்டெனா வாங்கப் போனால் கடையில் முதலில் காதில் விழுவது ஒரு இலக்கம்தான். அது கெயின், அதாவது அன்டெனா சிக்னலை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்ற அளவு. டெசிபல், சுருக்கமாக டி.பி., கணக்கில் சொல்வார்கள், மூன்று டி.பி. கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. "இது மூணு டி.பி., இது ஆறு, இது ஒன்பது. ஒன்பதை எடுங்க அண்ணே, தூரம் போகும்." அனுராதபுரத்திலோ கிளிநொச்சியிலோ இருப்பவருக்கு அந்தப் பேச்சில் பெரிய பிழை கிடையாது. தரை தட்டை, பேசுகிற இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கிறார்கள், அதனால் கெயின் கூடினால் தூரமும் கூடும். ஆனால் அதே அன்டெனாவைக் கொண்டுவந்து ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு மலை உச்சியில் நட்டால், நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவனுக்குக் கேட்கிறது, கீழே கண்ணுக்குத் தெரிகிற தோட்டத்து டிவிஷனில் (தோட்டத்தின் ஒரு பிரிவில்) நிற்கிறவனுக்கு விட்டுவிட்டுக் கேட்கிறது. ரேடியோ பழுது என்று கழற்றிக்கொண்டு போய் பழுது பார்ப்பவரிடம் கொடுக்கிறார்கள். ரேடியோவில் ஒன்றும் இருக்காது.

இங்கே கெயினைத் தீர்மானிக்க வேண்டியது கோணம். தூரம் அதற்கு அப்புறம்தான். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கிவிடும்.

அன்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. ரேடியோ 25 வோட் (watt) சக்தி கொடுத்தால் அன்டெனாவிலிருந்து 25 வோட்டுக்கு மேல் ஒருபோதும் வெளியே வராது. அந்தச் சக்தியை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை மட்டும்தான் அன்டெனா தீர்மானிக்கிறது. ரொட்டிக்கு மா உருட்டித் தட்டுவதை நினைத்துப் பாருங்கள், மா அதே அளவுதான், தட்டத் தட்ட அகலம் கூடும், தடிப்பு குறையும். செங்குத்தாக நிற்கும் கம்பு அன்டெனாவிலும் இதுதான் நடக்கிறது. கெயின் கூடக்கூட மேலேயும் கீழேயும் போக வேண்டிய சக்தியைக் குறைத்து, அதைத் தொடுவானத்தை நோக்கித் தள்ளுகிறார்கள். தொடுவானத்தில் ஆள் இருந்தால் லாபம். ஆள் கீழே பள்ளத்தாக்கில் இருந்தால் அவருக்குச் சேர வேண்டியதை எடுத்து வேறு யாருக்கோ கொடுத்தது போலாகிவிடும்.

இதற்கு அளவு இருக்கிறது. அலைநீளத்தில் பாதி நீளமுள்ள எளிய அன்டெனாவான சாதாரண அரை அலை டைபோலின் செங்குத்து விரிவு, அதாவது சக்தி பாதியாகக் குறையும் இரண்டு ஓரங்களுக்கும் இடைப்பட்ட கோணம், சுமார் 78 பாகை. டைபோலைவிட 3 டெசிபல் கூடிய கொலினியர் (ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல டைபோல்களை ஒரே கம்பில் அடுக்கிய) அன்டெனாவில் அது 35 பாகை அளவுக்குச் சுருங்கும். 6 டெசிபலில் 16 முதல் 18 பாகை. 9 டெசிபலில் 8 அல்லது 9 பாகைதான். இதில் பாதி தொடுவானத்துக்கு மேலே, பாதி கீழே. அப்படியானால் 9 டெசிபல் அன்டெனாவின் நல்ல சிக்னல் தொடுவானத்திலிருந்து கீழே நாலு, நாலரை பாகை வரைக்கும்தான் இறங்கும். அதற்குக் கீழே வேகமாகக் குறைந்து, ஒரு கோணத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாமல் போய், பிறகு சிறு சிறு இதழ்களாகத் திரும்ப வரும். அந்த ஒன்றும் இல்லாத இடத்தை ஊமைக் கோணம் என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் இடத்தில் எத்தனை பாகை என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 17.5 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் ஒரு பாகை. வரைபடத்தில் இரண்டு இடத்தின் உயரத்தையும் பார்த்து, வித்தியாசத்தை மீட்டரில் எடுத்து, கிலோமீட்டரில் உள்ள தூரத்தை 17.5ஆல் பெருக்கி வருவதால் வகுத்தால் போதும். இருபது பாகைக்குள் இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும்.

நமக்குத் தெரிந்த இடங்களை வைத்தே போட்டுப் பார்ப்போம். நமுனுகுல உச்சி 2036 மீட்டர், பதுளை நகரம் 680 மீட்டர் அளவில். இடையே நேர்கோட்டில் ஒன்பதரை கிலோமீட்டர் போல. வித்தியாசம் 1356, கோணம் எட்டு பாகை. உச்சியில் 9 டெசிபல் அன்டெனா நட்டால் பதுளை அதன் நல்ல வீச்சுக்கு முழுக்க வெளியே போய்விடுகிறது, 6 டெசிபல் என்றால் சரியாக ஓரத்தில் தொங்குகிறது, 3 டெசிபல் என்றால் வசதியாக உள்ளே இருக்கிறது. பிதுருதலாகலை இன்னும் மோசம். உச்சி 2524 மீட்டர், நுவரெலியா நகரம் 1868, தூரம் மூன்றரை கிலோமீட்டர் அளவு, கோணம் பத்து பாகைக்கு மேல். இலங்கையின் மிக உயர்ந்த இடத்தில் அன்டெனா இருந்தாலும் அதன் காலடியில் இருக்கும் ஊருக்கு அது தலைக்கு மேலால் பேசிக்கொண்டிருக்கலாம்.

இனி ஹப்புத்தளையை எடுங்கள். 1431 மீட்டரில் அந்த விளிம்பில் நின்று தெற்கே பார்த்தால் தரை அப்படியே விழுந்து கடல் வரை போகிறது. அம்பாந்தோட்டை அங்கிருந்து எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர். கோணத்தைக் கணக்குப் போட்டால் ஒரு பாகைதான் சொச்சம் வரும். அங்கே 6 டெசிபல் என்ன, 9 டெசிபல்கூட நல்ல தெரிவுதான். ஆக, ஒரே மலைநாடு, ஒரே ரேடியோ, ஆனால் ஹப்புத்தளை விளிம்பிலிருந்து சமவெளிக்குப் பேசுகிறவருக்கும் நமுனுகுலயிலிருந்து பதுளைக்குப் பேசுகிறவருக்கும் வேண்டிய அன்டெனா வேறு வேறு. "மலைக்கு எது நல்லது" என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

ஒரு தோட்டத்துக்குள் வந்தால் கோணங்கள் இன்னும் செங்குத்தாகின்றன. தொழிற்சாலை கீழே ஆற்றோரம், மேல் டிவிஷன் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி 400 மீட்டர் உயரத்தில் என்று வையுங்கள். பதினைந்து பாகை. 6 டெசிபல் கொலினியர் ஒன்றுக்குப் பதினைந்து பாகை என்பது கிட்டத்தட்ட முதல் ஊமைக் கோணமே. இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒன்றரை கிலோமீட்டரில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால், ஊமைக் கோணத்தில் நின்றாலும் பேச்சு போய்ச் சேரும். கிட்டத்தில் சிக்னல் அவ்வளவு பலமாக இருக்கும், ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் ரேடியோவுக்குப் போதும். அதனால்தான் சிலர் "நான் ஒன்பது டி.பி. வைத்திருக்கிறேன், கீழே நல்லாத்தானே கேட்குது" என்கிறார்கள், அவர்கள் சொல்வது உண்மை. அடி விழுவது வேறு ஆளுக்கு. லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் நிற்கிறவர், ஓடையின் மடிப்புக்குள் இறங்கியவர், மழையில் நனைந்த மரங்களுக்கு நடுவே இடுப்பில் வாக்கி டாக்கியைச் செருகிக்கொண்டு போகிறவர். அவருக்கு ஏற்கெனவே மரமும் மண்ணும் உடம்பும் சேர்ந்து சிக்னலில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. மிச்சம் இருப்பதை அன்டெனாவும் குறைத்தால் அவர் பேசுவது கேட்காது. ரேடியோ யாருக்கு மிக அவசரமாக வேண்டுமோ அவர் இப்படிப்பட்ட இடத்தில்தான் இருப்பார்.

2014 ஒக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியதை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்கவில்லை. மண்சரிவு வரும் மழையில் கரண்ட் போகும், கரண்ட் போனால் போன் டவர் பெட்டரியில் ஓடும், பெட்டரி இறங்கினால் கையில் இருக்கும் போன் வெறும் டார்ச் லைட். அந்த நேரத்தில் ஒரு டிவிஷனிலிருந்து இன்னொரு டிவிஷனுக்கு "மேலே வெடிப்பு தெரியுது, ஆட்களை இறக்குங்க" என்று சொல்ல ஒரு வழி வேண்டும். நான் இந்தக் கெயின் விவகாரத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணமே அதுதான், பக்கத்து டிவிஷனுக்குக் கேட்காத ரேடியோ நாற்பது கிலோமீட்டர் போய் என்ன பயன்?

சரி, உச்சியில்தான் அன்டெனா வைக்க வேண்டும், தூரமும் வேண்டும், கீழேயும் கேட்க வேண்டும் என்றால்? கீழ்நோக்கிச் சாய்ந்த வீச்சுள்ள கொலினியர்கள் கிடைக்கின்றன. அன்டெனா நேராகத்தான் நிற்கும், உள்ளே இருக்கும் அமைப்பு சக்தியைச் சுற்றிவர நாலு பக்கமும் சில பாகைகள் கீழே திருப்பிவிடும். செய்விக்கும்போதே எத்தனை பாகை என்று சொல்லி வாங்க வேண்டும். கம்பை நாமே சாய்த்துக் கட்டினால் வேலைக்கு ஆகாது. ஒரு பக்கம் இறங்கினால் எதிர்ப்பக்கம் வானத்தைப் பார்க்கும். எதிர்ப்பக்கம் வெறும் காடு, யாரும் இல்லை என்றால் அதுவும் பரவாயில்லை, ஆனால் அந்த நிலைமையில் சாய்ப்பதைவிட நல்ல வழி இருக்கிறது. ஒரு டைபோலை இரும்புக் கம்பத்திலிருந்து கால் அலை தூரம் விலக்கி, ஆட்கள் இருக்கும் பக்கமாகக் கட்டுவது. கம்பமே கண்ணாடி போல் வேலை செய்து முன்பக்கம் கொஞ்சம் கெயின் கூடும், செங்குத்து விரிவோ அகலமாகவே இருக்கும். தோட்டங்கள் பெரும்பாலும் ஒரு மலைச்சரிவின் ஒரு பக்கத்தில்தான் கிடக்கின்றன, அதனால் இது பல இடங்களுக்குப் பொருந்தும். விலையும் குறைவு.

பழைய டி.வி. அன்டெனா போல ஒரு தண்டில் குச்சிகளை வரிசையாகக் கட்டிய யாகி அன்டெனாவிலும் இந்த நன்மை இருக்கிறது. கொலினியர் தன் கெயின் முழுவதையும் மேல்கீழ் விரிவை நசுக்கியே எடுக்கிறது. யாகி பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் விட்டுக்கொடுத்து எடுக்கிறது. மூன்று குச்சி யாகி டைபோலைவிட ஐந்து டெசிபல் அளவு கூடுதலாகக் கொடுக்கும்போதும் அதன் செங்குத்து விரிவு அறுபது பாகைக்குப் பக்கமாக இருக்கும். தொழிற்சாலையிலிருந்து மலையுச்சி ரிப்பீட்டருக்கு (வரும் பேச்சை வாங்கித் திரும்ப அனுப்பும் ரேடியோவுக்கு), பங்களாவிலிருந்து ஒபிஸுக்கு என்று இரண்டு நிலையான இடங்களுக்கு இடையில் பேசுவதானால் யோசிக்காமல் யாகியை எடுங்கள், கெயினும் தாராளமாக இருக்கட்டும், உச்சியைப் பார்த்து அதைத் தூக்கிக் கட்டவும் முடியும். குச்சிகள் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பழைய டி.வி. அன்டெனா பழக்கத்தில் படுக்கையாகக் கட்டிவிடுகிறார்கள், மற்றப் பக்கம் செங்குத்து அன்டெனா இருக்கும்போது இப்படிக் கட்டினால் 20 டெசிபல் வரை, அதாவது நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு வீணாகிவிடலாம்.

கடை இலக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெசிபல் என்பது எதனோடு ஒப்பிட்டு என்று சொல்லாவிட்டால் அர்த்தம் இல்லாத இலக்கம். டைபோலோடு ஒப்பிட்டால் டி.பி.டி., எல்லாப் பக்கமும் சமமாக வீசும் கற்பனை அன்டெனாவோடு ஒப்பிட்டால் டி.பி.ஐ. இரண்டுக்கும் வித்தியாசம் 2.15. ஆக 6 டி.பி.டி.யும் 8.15 டி.பி.ஐ.யும் ஒரே அன்டெனாதான். பெட்டியில் வெறும் "டி.பி." என்று போட்டிருந்தால் பெரிய இலக்கத்தைத்தான் போட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிட நம்பகமான சோதனை நீளம். கெயின் நீளத்திலிருந்துதான் வரும், வேறு மந்திரம் இல்லை. 150 மெகாஹேர்ட்ஸில் உண்மையான 6 டி.பி.டி. கொலினியர் ஐந்து, ஆறு மீட்டர் நீளம் இருக்கும். ஒரு மீட்டர் கம்பைக் காட்டி அந்த அலைவரிசைக்கு ஒன்பது டி.பி. என்றால் வாங்காமல் நடந்துவிடுங்கள்.

இனி, கெயினால் தீராத ஒரு விஷயம். நடுவில் மலை. நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் இடையில் 2216 மீட்டர் கிரேட் வெஸ்டர்ன் மலைத்தொடர் நிற்கிறது. அதைத் துளைத்துக்கொண்டு எந்த அன்டெனாவும் பேசாது. சிக்னல் மலை முகட்டை உரசிக்கொண்டு போனாலே ஆறு டெசிபல் போய்விடும், முகட்டுக்கு நன்றாகக் கீழே இருந்தால் இருபது, முப்பது என்று இழப்பு ஏறும். 3 டெசிபல் அன்டெனாவை 6 ஆக்கி நீங்கள் சம்பாதித்த மூன்று டெசிபல் அந்த முப்பதுக்கு முன்னால் எம்மாத்திரம்? 150 மெகாஹேர்ட்ஸ் பக்கத்து வி.எச்.எஃப். அலை, அதைவிட உயர்ந்த அலைவரிசையான யு.எச்.எஃப்.ஐவிட முகட்டில் கொஞ்சம் நன்றாக வளையும், அதனால் மலைமடிப்புகளுக்குள் பேசுவதற்கு நான் வி.எச்.எஃப்.ஐத்தான் விரும்புவேன். ஆனால் உண்மையான தீர்வு உயரம்தான், அல்லது இரண்டு பக்கமும் தெரிகிற ஒரு இடத்தில் ரிப்பீட்டர். அன்டெனாவை இருபது அடி தள்ளி நட்டதில் பக்கத்து முகடு விலகி வழி திறந்துகொள்வது மலையில் சாதாரணமாக நடக்கும். பணம் செலவழிக்கும் முன் அதைச் செய்து பாருங்கள், இலவசம்.

உயரத்துக்கு அப்புறம் கேபிள். இதை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிள் 150 மெகாஹேர்ட்ஸில் நூறு மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் தின்னும். முப்பது மீட்டர் இழுத்தால் ஆறு டெசிபல், 25 வோட் உள்ளே போய் ஆறு வோட்தான் மேலே ஏறும். யு.எச்.எஃப்.இல் அதே முப்பது மீட்டர் பதினொரு டெசிபல் அளவு தின்றுவிடும், இரண்டு வோட் மிஞ்சும். ஆறு டெசிபல் அன்டெனாவுக்குக் காசைக் கொட்டி, ஆறு டெசிபல் தின்னும் கேபிளைப் போடுகிறவர் கடைசியில் நிற்பது டைபோல் மட்டத்தில்தான், அதுவும் ஒடுங்கிய வீச்சோடு. ஆர்.ஜி.-213 போன்ற தடித்த கேபிளில் வி.எச்.எஃப்.இல் அதே நீளத்துக்கு மூன்று டெசிபலுக்கும் குறைவாகத்தான் போகும்.

மலையில் கேபிளுக்கு இன்னொரு எதிரி ஈரம். நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் மூடுபனியில் இருந்த ஒரு கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், வெளியில் டேப் சுற்றி அழகாக இருக்கும், உள்ளே பித்தளை பச்சை பூத்திருக்கும், கேபிளின் மேல் உறையை ஒரு அடிக்குக் கீறினால் செம்புப் பின்னல் கறுத்து ஈரமாக வரும். விரலில் தேய்த்தால் கரி போல ஒட்டும். தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல அந்தப் பின்னல் வழியே மீட்டர் கணக்கில் ஊர்ந்து போயிருக்கும், அப்புறம் கேபிளையே மாற்ற வேண்டியதுதான். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண டேப் போட்டு, கனெக்டருக்குக் கீழே கேபிளை ஒரு வளைவு இறக்கிக் கட்டினால் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

காற்றும் கணக்கில் வர வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு மலைக்கணவாயில் ஆறு மீட்டர் ஃபைபர் கம்பு எப்படி ஆடும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எட்டு பாகை விரிவுள்ள அன்டெனா நாலு பாகை ஆடினால் எதிர்ப்பக்கத்தில் சிக்னல் ஏறி இறங்கும். குட்டையான, விரிந்த வீச்சுள்ள அன்டெனா ஆடினாலும் யாருக்கும் தெரியாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி விழும் நாட்டில், மலையுச்சியில் இரும்பை நட்டுவிட்டு நல்ல எர்த் போடாமல் விடுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

வாகனத்துக்கு வந்தால் என் தெரிவு கால் அலை. வி.எச்.எஃப்.இல் சுமார் 49 சென்டிமீட்டர் கம்பி, ஜீப்பின் கூரை நடுவில். எட்டில் ஐந்து அலை அன்டெனா ஒன்றேகால் மீட்டர் நீளம், தொடுவானத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தரும், நெடுஞ்சாலைக்கு நல்லது. ஆனால் மலைப்பாதையில் வண்டி ஒரு வளைவில் மூக்கைத் தூக்கும், அடுத்ததில் சரியும், ரிப்பீட்டர் தலைக்கு மேலே இருபது பாகையில் இருக்கும், கால் அலையின் வீச்சு மேல்நோக்கியும் நன்றாகப் போவதால் அது இதையெல்லாம் சமாளிக்கும். கொழுந்து லொறி மரக்கிளைக்குள் புகுந்து வரும்போது அரை மீட்டர் கம்பி தப்பிக்கவும் செய்யும். பம்பரில் கட்டாதீர்கள், கம்பிக்குக் கீழே தகட்டுப் பரப்பு இல்லாவிட்டால் அது பாதி அன்டெனாதான்.

கை வாக்கி டாக்கியில் வரும் குட்டை ரப்பர் அன்டெனா டைபோலைவிடப் பல டெசிபல் பின்தங்கியது, இடுப்பில் செருகினால் இன்னும் மோசம். அங்கே கெயின் பற்றிப் பேச இடமில்லை, முழுக் கால் அலை நீளமுள்ள வளையும் கம்பியை மாற்றிப் போட்டாலே வித்தியாசம் தெரியும். அடுத்த முனையிலுள்ள நிலைய அன்டெனா இந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். நிலைய ரேடியோவின் வோட்டைக் கூட்டினால் கையில் வைத்திருப்பவருக்கு நன்றாகக் கேட்கும், அவர் பேசுவது மட்டும் இங்கே வராது. அன்டெனா போவதற்கும் வருவதற்கும் சமமாக உதவும், அதனால் வோட்டைவிட அன்டெனாவில் போடும் காசுதான் பலன் தரும், அது சரியான கோணத்தைப் பார்த்திருந்தால்.

அனுமதி விஷயமும் உண்டு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் ரேடியோ வைத்திருக்கவும் இயக்கவும் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். 25 வோட்டுக்கு 6 டி.பி.டி. அன்டெனா போட்டால், கேபிள் இழப்பை விட்டுப் பார்த்தால், வீச்சின் திசையில் அது 100 வோட்டுக்குச் சமம், தொலைவில் அதே அலைவரிசையில் பேசுகிறவரின் காதில் விழும். அவருடைய பேச்சும் உங்கள் உச்சி அன்டெனாவுக்குள் வந்து கொட்டும். தேவைக்கு மேல் கெயின் வைக்காததற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்.

வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு டைபோலை இரவல் வாங்கி, நடப்போகும் இடத்தில் மூங்கிலில் கட்டி ஒருவரை உட்கார வையுங்கள். நீங்கள் வாக்கி டாக்கியோடு தோட்டத்தின் மிக மோசமான மூலைக்கு, ஓடைக்குள், லயத்தின் பின்புறத்துக்கு, நல்ல மழை நாளிலேயே போய்ப் பேசிப் பாருங்கள். எங்கே கேட்டது, எங்கே கேட்கவில்லை என்று வரைபடத்தில் குறித்து, கேட்காத ஒவ்வொரு இடத்துக்கும் பாகைக் கணக்கைப் போடுங்கள். கேட்காத இடங்கள் எல்லாம் தூரத்தில், தாழ்ந்த கோணத்தில் இருந்தால் 6 டெசிபல் வாங்குங்கள். கிட்டத்தில் செங்குத்தாகக் கீழே இருந்தால் டைபோலோ 3 டெசிபலோ போதும். முகட்டுக்குப் பின்னால் என்றால் அன்டெனாக் காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேறு உச்சி தேடுங்கள்.